ஒரு பக்கப் பியானோத் துண்டு: எடுப்பதிலிருந்து கையை இறக்குவது வரை

ஒரே பக்கம், ஒன்றரை நிமிடம், எண்ணினால் நாற்பது ஸ்வரம்கூடத் தேறாது. "இதை ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் டீச்சர்" என்று சொல்லித்தான் என்னிடம் படிப்பவர்கள் இந்த வகைத் துண்டுகளை எடுக்கிறார்கள். இரண்டு நாளில் விரல் படிந்துவிடுவது உண்மைதான். ஆனால் மூன்றாம் வாரம் கேட்டாலும் இரண்டாம் நாள் இருந்த மாதிரியே இருக்கும்.

நான் சொல்வது ஒரே மனநிலையையோ காட்சியையோ பிடித்துக்கொண்டு சட்டென்று முடிந்துவிடும் தனிப் பியானோத் துண்டுகளை. ஆங்கிலத்தில் கேரக்டர் பீஸ் என்பார்கள். அதிலும் 1950க்குப் பிறகு ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் எழுதியவை: லிகெட்டியின் 'மூசிகா ரிச்செர்காட்டா' (1951–53), ஆர்வோ பார்ட்டின் 'ஃப்யூர் அலினா' (1976), குர்டாக் 1970களில் தொடங்கி எழுதிக்கொண்டே போன 'யாட்டேகோக்' தொகுதிகள், லாஹன்மானின் 'ஐன் கிண்டர்ஷ்பீல்' (1980) போன்றவை. பியானோ கிரேடு தேர்வில், புதிய பாணித் துண்டுகள் வரும் சி பட்டியலைத் திறந்து திகைத்து நிற்பவர்களுக்கும் இந்த முறை உதவும்.

வழக்கமான பாடத்தில் விரல், தாளம், பெடல், நயம் என்று போவோம். இங்கே அந்த வரிசையில் போனால் வேலை ஆகாது. ஸ்வரம் குறைவு என்பதால் ஒவ்வொன்றின் ஒலியும், அது அடங்கும் விதமும், அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளியும்தான் துண்டே. அதனால் பெடலும் மௌனமும் முன்னால் வரவேண்டும், விரல் பின்னால்.

1. துண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வாத்தியத்தைப் பாருங்கள்

முதல் கேள்வி, உங்கள் வாத்தியத்தில் எத்தனை கட்டை? 61 கட்டை கீபோர்டு வைத்துக்கொண்டு ஃப்யூர் அலினாவைத் தொடங்கினால் முதல் ஒலியே கிடைக்காது. அது ஆழமான பி ஸ்வரத்தில் தொடங்குகிறது. 61 கட்டையில் இடது கோடி சி-யோடு நின்றுவிடும். ஐன் கிண்டர்ஷ்பீலின் முதல் துண்டு இன்னும் கறார்: பியானோவின் உச்சிக் கட்டையில் தொடங்கி ஒவ்வொரு கட்டையாக அடிவரை இறங்குகிறது. 88 கட்டையும் இல்லாவிட்டால் அந்தத் துண்டே இல்லை.

இரண்டாவது, நடுப் பெடல். கிராண்ட் பியானோவில் அது, மிதிக்கும் நேரத்தில் எந்தக் கட்டைகள் அழுந்தியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் ஒலிக்கவிடும். வீடுகளில் இருக்கும் அப்ரைட்டில் பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படாமல் இருக்க ஒரு கம்பளித் துணியை இறக்கும் பெடல். பெயர் ஒன்றாக இல்லாவிட்டாலும் இடம் ஒன்று என்பதால் பலர் குழம்புகிறார்கள். நடுப் பெடலைக் கேட்கும் துண்டு என்றால் அப்ரைட்டில் பழகி, போட்டி நாளன்று கிராண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். வேறு துண்டு எடுங்கள்.

மூன்றாவது ஒரு சோதனை. வலது கையால் நடு சி, இ, ஜி மூன்றையும் சத்தமே வராதபடி மெல்ல அழுத்திப் பிடியுங்கள். இடது கையால் நடு சி-க்கு இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே உள்ள சி-யை ஓங்கி அடித்து உடனே விட்டுவிடுங்கள். அடித்த ஸ்வரம் நின்ற பிறகு, நீங்கள் அடிக்காத அந்த மூன்றும் தூரத்தில் யாரோ முணுமுணுப்பது போலக் கேட்கும். கீழ்த் தந்தியின் அதிர்வில் ஏற்கெனவே அந்த ஸ்வரங்கள் இருக்கின்றன; கட்டையை அழுத்திப் பிடித்ததால் தடைக்கட்டை (தந்தியை அமுக்கி ஒலியை நிறுத்தும் பாகம்) விலகிய தந்திகள் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. புதிய இசையில் இந்த உத்தி அடிக்கடி வரும். சில டிஜிட்டல் பியானோக்கள் இதைச் செய்துகாட்டும், விலை குறைந்தவை பல செய்யாது. உங்களுடையது செய்யவில்லை என்றால் ஓசையின்றி அழுத்தச் சொல்லும் துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.

தந்தியை நேரே விரலால் மீட்டச் சொல்லும் துண்டு என்றால் வாத்தியத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி முதலில். விரல் ஈரம் செம்பு சுற்றிய தந்திக்கு ஆகாது.

அப்புறம் மின்விசிறி. சிரிக்காதீர்கள். சென்னையில் மே மாதம் ஃபேனை நிறுத்தச் சொன்னால் மாணவர்கள் என்னைக் கொடுமைக்காரி மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் அடங்கிப்போகும் ஒலியின் கடைசிப் பாதியை ஃபேன் தின்றுவிடும். கேட்காத ஒலிக்காக யாராலும் காத்திருக்க முடியாது, அவசரப்பட்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடுவார்கள். பத்து நிமிடம் நிறுத்துங்கள், போதும். இந்த இசைக்குப் பத்துப் பத்து நிமிடமாக உட்காருவதே நல்லது.

2. குறிப்புப் பக்கத்தைப் பென்சிலோடு படியுங்கள்

புத்தகத்தின் முன்னால் இரண்டு பக்கம் குறியீட்டு விளக்கம் இருக்கும். ஜெராக்ஸ் எடுப்பவர்கள் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். திரையில் கட்டங்கள் விழும் வீடியோவைப் பார்த்துப் பழகுபவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் பக்கம் இல்லாமல் துண்டைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

ஏனென்றால் பழகிய குறிகளுக்கே இங்கே வேறு பொருள் இருக்கலாம். யாட்டேகோக்கில் பல துண்டுகளில் தாளக் கணக்கு இல்லை. நோட்டின் வடிவத்தைப் பார்த்து மிக நீளம், நீளம், குறில், மிகக் குறில் என்று நீங்களே எடைபோட வேண்டும். தடித்த பட்டை போட்டிருந்தால் உள்ளங்கையாலோ முன்கையாலோ ஒரு கொத்தாக அழுத்து என்று பொருள். வெள்ளைக் கட்டை மட்டுமா, கறுப்பு மட்டுமா, இரண்டுமா என்பதை மேலே உள்ள சின்னக் குறி சொல்லும். ஸ்வரத்தை நீட்டி நிறுத்தச் சொல்லும் குறியிலும் பல புத்தகங்களில் வகை உண்டு: முக்கோணம் குட்டி நிறுத்தம், வளைவு நடுத்தரம், சதுரம் நீண்டது.

இவற்றையெல்லாம்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃப்ளாட் குறிகள். பழைய இசையில் ஒரு ஷார்ப் போட்டால் அந்த பார் (தாளக் கட்டம்) முடியும்வரை செல்லும். புதிய இசையில் சிலர் அப்படி எழுதுவார்கள், சிலர் அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் என்று எழுதுவார்கள். எது என்பது குறிப்புப் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கும். என் மாணவி ஒருத்தி அந்த வரியைப் படிக்காமல் மூன்று வாரம் ஏழு ஸ்வரங்களைத் தப்பாகவே வாசித்தாள். அதைவிட மோசம், நானும் கண்டுபிடிக்கவில்லை. மோட்ஸார்ட்டில் ஒரு தப்பு விழுந்தால் அடுக்களையில் இருப்பவருக்கும் தெரியும். இங்கே தப்பும் சரியும் காதுக்கு ஒரே மாதிரி விநோதமாகத்தான் இருக்கும். அதனால் முதல் நாளே ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாய்விட்டுப் பெயர் சொல்லி, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டு போங்கள். பின்னால் காது உங்களைக் காப்பாற்றாது.

3. கட்டையைத் தொடாமல் ஒரு முறை கடந்து போங்கள்

பியானோ மூடியை மூடிவிட்டு, அதன் மேல் தாளை வைத்து, செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கண்ணாலேயே துண்டை முதலிலிருந்து கடைசிவரை 'கேளுங்கள்'. முடிந்ததும் மூன்று இடங்களை மட்டும் குறியுங்கள்: எங்கே நெருக்கம் அதிகம், எங்கே மிக நீண்ட மௌனம், எங்கே விதி உடைகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். சின்னத் துண்டு பெரும்பாலும் ஏதாவது ஒரு விதியை எடுத்துக்கொண்டு, ஓரிடத்தில் அதை மீறும். ஃப்யூர் அலினாவைப் பாருங்கள். முதல் பி ஒலித்தபின் வரும் சிறு தொடரில் இரண்டே ஸ்வரம், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்து நான்கு என எட்டுவரை வளர்கிறது. பிறகு அதே மாதிரி சுருங்குகிறது. வலது கை பி மைனர் ஸ்கேலில் நடமாடுகிறது. இடது கை அதே நேரத்தில் பி மைனர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் கொத்தின்) மூன்று ஸ்வரங்களுக்குள் மட்டுமே நிற்கிறது, ஒரே ஒரு இடம் தவிர. முடிவை நெருங்கும்போது இடது கை ஒரு சி ஷார்ப் தொடுகிறது. தொடக்கத்திலிருந்து மிதித்திருந்த வலது பெடல் எழுவதும் அந்தக் கட்டத்தில்தான்.

இது தெரியாமல் வாசிப்பவர் அந்த சி ஷார்ப்பைப் பத்தோடு பதினொன்றாகக் கடந்துபோவார். தெரிந்தவரின் கை அதற்கு இரண்டு தொடர் முன்பே வேறு மாதிரி நடக்கும்.

4. பெடலை முதலில் பழகுங்கள்

அதிகப் பொறுமை வேண்டிய படி இதுதான். நான் நேரம் அதிகம் செலவழிப்பதும் இங்கேதான்.

ஃப்யூர் அலினாவையே வைத்துக்கொள்வோம். முதல் நாள் அந்த ஆழமான பி மட்டும். வலது பெடலை மிதியுங்கள் (எல்லாத் தடைக்கட்டைகளையும் தூக்குவது அது), அடியுங்கள், கையை மடியில் வையுங்கள். ஒலி முழுக்க மறையும்வரை எண்ணுங்கள். முதல் தடவை பத்து எண்ணுவதற்குள் "போயிடுச்சு" என்பார்கள். போகவில்லை. முதல் சில விநாடிகளில் அடித்த ஒலி சரசரவென்று இறங்கும், அதற்குப் பிறகு ஒரு நீண்ட மெல்லிய வால் உண்டு. அந்த வாலைக் கேட்கப் பழகினால்தான் இந்தத் துண்டு திறக்கும்.

இரண்டாம் நாள் அந்த வாலின் மேல் இரு கையும் சேர்ந்து அடிக்கும் முதல் இரண்டு ஜோடியை மட்டும் வையுங்கள். மேலே உள்ளது பலமாக விழுந்தால் கீழே உள்ள பி அமுங்கிவிடும். பி பலவீனமாக இருந்தால் நடுவழியில் செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் வாத்தியம் அனுமதிக்கும் ஓர் அளவு இருக்கிறது. வேகமும் அதிலிருந்தே வரும். இந்தத் துண்டுக்கு இசையமைப்பாளர் எழுதிய குறிப்பே அமைதியாக, உயர்ந்த நிலையில், தனக்குள் செவிசாய்த்தபடி என்ற பொருளில்தான் இருக்கிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமில் தேடிப் பயன் இல்லை. ஒலி நீண்டு நிற்கும் கிராண்டில் மெல்லப் போகலாம், சீக்கிரம் அடங்கும் அப்ரைட்டில் கொஞ்சம் நகரத்தான் வேண்டும். ஏதோ ஒரு பதிவில் கேட்ட வேகத்தை அப்படியே உங்கள் அப்ரைட்டில் நடுவதுதான் இங்கே பெரிய தப்பு.

பெடலில் கால் செய்யும் தப்புகள் மூன்று. ஒன்று, காலைத் தூக்கித் தூக்கி மிதிப்பது. அந்த 'டப்' என்ற மரச் சத்தம் சத்தமான துண்டில் மறைந்துவிடும், இங்கே அதுவும் ஒரு வாத்தியமாகிவிடும். பாதம் பெடலை விட்டுப் பிரியவே கூடாது. இரண்டு, பெடலைச் சட்டென்று விடுவது. தடைக்கட்டைகள் தந்தியில் உட்காரும் நொடியில் ஒரு 'சுஷ்' வரும். மெல்ல விட்டால் ஒலி மெழுகுவர்த்தி அணைவது போல அடங்கும், வேகமாக விட்டால் கதவு சாத்தியது போல. எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும், கால் அல்ல. மூன்று, பாதி மட்டும் மிதிக்கும் அரைப் பெடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமலிருப்பது. ஒவ்வொரு வாத்தியத்திலும் அந்த ஆழம் வேறு. மேடையில் உட்கார்ந்ததும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஒரு சின்னத் தகவல்: பியானோவின் வலது கோடியில் ஏறக்குறைய ஒன்றரை ஆக்டேவுக்குத் தடைக்கட்டையே கிடையாது. அங்கே பெடலை விட்டாலும் கையை எடுத்தாலும் ஒலி தன்பாட்டில் அடங்கும். "ரெஸ்ட் போட்டிருக்கு, ஆனா நிக்க மாட்டேங்குது" என்று ஒரு பையன் இரண்டு நாள் தவித்தான். அவன் மேல் தப்பே இல்லை.

5. இப்போது விரல்

இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும், இரண்டு விஷயங்களைத் தவிர.

முதலாவது, எந்தக் கை எந்த ஸ்வரத்தை எடுக்கவேண்டும் என்று அச்சிட்டது வேதவாக்கு அல்ல. ஒலி சமமாக வருவதற்காகக் கைகளுக்கு இடையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கைகளைக் குறுக்கே தாண்டச் சொல்லியிருந்தால் அதை வசதிக்காக மாற்றாதீர்கள். அந்தத் தாண்டலுக்கு ஆகும் நேரமும் இசையில் சேர்த்தி.

இரண்டாவது, அழுத்தத்தின் படிகள். வெகுவாக மெல்ல, மெல்ல, சற்றே மெல்ல என்று மூன்று குறி இருக்கும், புதிதாக வருபவர் கையில் ஒன்றுதான் இருக்கும். இதற்கு ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிராண்டில் அதை மிக மெதுவாக அழுத்தினால், அடியைத் தொடுவதற்குச் சற்று முன் ஒரு சின்ன முட்டு விரலில் தட்டுப்படும். சுத்தியலைத் தந்தியை நோக்கி விடுவிக்கும் இடம் அது. அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் ஒலிக்குச் சேராது. முட்டுவரை மெல்லப் போய், அங்கிருந்து ஒரு சிறு தள்ளல்: மிக மெல்லிய ஒலி அப்படித்தான் வரும். கட்டையின் உச்சியிலிருந்து தடவுவது போல வாசித்தால் பாதி நேரம் ஒலியே வராமல் போகும்.

மூசிகா ரிச்செர்காட்டாவின் முதல் துண்டு இதற்கென்றே செய்தது போல இருக்கும். கடைசிவரை ஏ ஸ்வரம் மட்டும், வெவ்வேறு ஆக்டேவில். முடிவில்தான் டி வருகிறது. அதுவரை எல்லா ஏ-யும் ஒரே மாதிரி கேட்டால் கேட்பவர் எப்போதோ கிளம்பிவிட்டிருப்பார், டி வருவதைப் பார்க்க ஆள் இருக்காது.

உள்ளங்கைக் கொத்துகளை அறைவது போல அடிக்கவேண்டாம். கையைக் கட்டைகள் மேல் முதலில் படியவைத்து, பிறகு எடையை இறக்குங்கள். அறைந்தால் நடுவில் இருக்கும் நான்கு கட்டைதான் ஒலிக்கும், ஓரங்கள் தப்பிவிடும்.

6. மௌனத்தை அளந்து பழகி, பிறகு அளவை மறந்துவிடுங்கள்

தாளக் குறி இல்லை என்றதும் இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் உள்ளுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எல்லாவற்றையும் சமமாக்கிவிடுவார். இன்னொருவர் 'சுதந்திரம்' என்று சொல்லி ஒவ்வொரு முறையும் வேறு நீளத்தில் வாசிப்பார். முதலாமவரை மாற்றுவது சுலபம்.

நான் செய்வது இது. முதலில் ஒவ்வொரு இடைவெளிக்கும் பென்சிலால் விநாடி எழுதச் சொல்வேன்: 3, 5, 2, 8. ஒரு வாரம் ஸ்டாப்வாட்சோடு அப்படியே. அப்புறம் எண்களை அழிக்கச் சொல்வேன். வாட்சும் கூடாது. இப்போது பதிவு செய்து பார்த்தால் 8 என்று எழுதியது 6 ஆக வந்திருக்கும், ஆனால் 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கும். நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். எடுத்த எடுப்பில் சுதந்திரமாக வாசித்தவருக்கு அது கடைசிவரை வராது.

மௌனத்தில் உடம்பு என்ன செய்கிறது என்றும் பாருங்கள். மூக்கைச் சொறிவது, நாற்காலியை நகர்த்துவது, அடுத்த ஸ்வரத்துக்குக் கையை முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பது. கை போய் உட்கார்ந்ததுமே கேட்பவருக்கு மௌனம் முடிந்துவிடுகிறது.

7. தலைப்புக்கு இப்போதுதான் வாருங்கள்

"தலைப்பில் இருக்கும் உணர்வை முதலில் மனதில் கொண்டுவாருங்கள்" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உணர்வை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் 'சோகம்' என்று பார்த்ததும் எல்லாவற்றையும் இழுக்கிறார்கள், 'விளையாட்டு' என்றதும் ஓடுகிறார்கள். ஒலியும் மௌனமும் நிலைத்த பிறகு தலைப்பைப் பார்த்தால், துண்டு அதை ஏற்கெனவே பாதி சொல்லிக்கொண்டிருப்பது தெரியும்.

மீதிப் பாதிக்கு ஒரு வழி: தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு வினைச்சொல் எழுதுங்கள், பெயரடை வேண்டாம். 'சோகமான' என்று எழுதினால் கைக்கு ஒன்றும் புரியாது. 'விட்டுக்கொடுக்கிறது', 'எட்டிப்பார்க்கிறது', 'தயங்குகிறது' என்றால் கைக்கு வேலை கிடைக்கும். ஒரு துண்டுக்கு ஒரு வினை, அதிகம் போனால் இரண்டு. முகத்தில் நடிக்கவே வேண்டாம்.

8. ஆறிய கையோடு ஒரே தடவை

பெரிய சொனாட்டாவில் முதல் பக்கம் சொதப்பினாலும் மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்துகொள்ளலாம். ஒரு நிமிடத் துண்டில் நிமிரும்போது முடிந்திருக்கும். அதனால் காலையில் எழுந்ததும், ஸ்கேல் எதுவும் வாசிக்காமல், உட்கார்ந்து ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். தப்பு வந்தாலும் மறுபடி வேண்டாம். ஒரு வாரம் இதைச் செய்தால் முதல் ஸ்வரத்தின் பயம் போகும்.

செல்போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் பியானோ மேல் வைக்காதீர்கள். அதிர்வும் பெடல் சத்தமும்தான் பதியும். மூன்று மீட்டர் தள்ளி, ஒரு துணி மேல். கேட்கும்போது தாளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். மௌனம் நீளமாகத் தோன்றும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் அது சரியாக இருக்கும், ஏனென்றால் பதட்டத்தில் எல்லாரும் மௌனத்தைத்தான் சுருக்குகிறோம்.

9. பல துண்டுகளை அடுக்கும்போது

ஒரே ஒரு ஒரு நிமிடத் துண்டை வாசித்துவிட்டு எழுந்து வருவது கேட்பவருக்கும் சங்கடம். நான்கைந்தை ஒன்றாக அடுக்குங்கள். குர்டாக் தம் மனைவி மார்த்தாவோடு மேடையேறியபோது யாட்டேகோக் துண்டுகளையும் ஒரே பியானோவில் இருவர் வாசிக்க மாற்றி எழுதிய பாஹின் இசையையும் மாறிமாறிக் கோத்து வாசித்தார், அதுவும் ஒலியை மந்தமாக்கும் பெடல் போட்ட அப்ரைட்டில். பாஹ் பக்கத்தில் வந்ததும் புதிய துண்டின் விநோதம் குறைவதில்லை, தெளிவாகிறது. என் மாணவர்களுக்கும் இடையில் ஒரு பழைய துண்டை வைக்கச் சொல்கிறேன்.

அடுக்கும்போது தலைப்புகளைப் பார்த்து அடுக்காதீர்கள். ஒன்றின் கடைசி ஸ்வரத்தையும் அடுத்ததன் முதல் ஸ்வரத்தையும் மட்டும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒன்றை ஒன்று மிதித்தால் வரிசையை மாற்றுங்கள். இரண்டு மெதுவான துண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டாவது கெட்டுப்போகும்.

தாள்களை ஒரு நீள அட்டையில் வரிசையாக ஒட்டிவிடுங்கள். பக்கம் திருப்பும் சத்தம் இந்த இசையில் ஒரு ஸ்வரத்தைவிடப் பெரியது.

கடைசியாகக் கைதட்டல். சில வருடம் முன்பு ஒரு மாணவர் நிகழ்ச்சியில், ஐந்து துண்டில் இரண்டாவதன் நடுவே வந்த நீண்ட மௌனத்தில் ஒருவர் கைதட்டிவிட்டார். அவரைப் பார்த்துக் கூடமே தட்டியது. வாசித்த பெண் பயந்துபோய் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டாள். தப்பு என்னுடையது, அவளுக்குக் கையை இறக்கச் சொல்லித்தரவில்லை. துண்டு தொடர்கிறது என்றால் கை கட்டைக்கு மேலேயோ கட்டையிலோ நிற்கட்டும், கண் தாளிலேயே இருக்கட்டும். எல்லாம் முடிந்ததும், பெடல் எழுந்து ஒலி அடங்கி, மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டுக் கைகளை மடிக்கு இறக்குங்கள்.